கண்ணாடி வைக்காத படம்

வெள்ளச்சி பால் கிண்ணத்தை விட்டு ஒரு சாண் தள்ளி, வெறும் தரையை நக்கிக்கொண்டிருந்தது.

சொர்ணவல்லிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. கிண்ணத்தை அதன் மூக்குக்கு நேரே நகர்த்திவைத்தாள். மீசை பாலில் நனைந்ததும் பூனை திடுக்கிட்டுப் பின்வாங்கித் தூணில் தலையை இடித்துக்கொண்டது. பிறந்து வளர்ந்த வீடு, தூண் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாதா? அவள் அதைத் தூக்கி, வாசல் வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். நேற்று வரை பச்சையாய் மின்னிய இரண்டு கண்ணிலும், ஆறிய பாலின் மேல் படிகிற ஏடு மாதிரி வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது.

"என்னங்க, வெள்ளச்சிக்குக் கண்ணு போயிருச்சுங்க."

"பூனைக்கு எதுக்குடி கண்ணு? எலி சத்தத்த வச்சே அது பிடிச்சுக்கிரும்" என்று உள்ளறையிலிருந்து குரல் வந்தது. தொடர்ந்து சிரிப்பும் வந்தது.

சொர்ணவல்லியின் புருஷன் சொக்கு படம் எழுதுகிறவன். சமஸ்தானம் போய் அரண்மனை வேலை நின்ற பிறகு, திருமயத்துக்குத் தெற்கே இந்த ஊருக்கு வந்து, செட்டியார் வீடுகளுக்குச் செத்தவர்களின் படம் எழுதிக் கொடுத்துப் பிழைத்தான். பர்மாவிலும் பினாங்கிலும் போய்ச் செத்தவர்கள். பழைய கூட்டப் போட்டோவில் நகத்தளவு இருக்கும் முகத்தைப் பார்த்து ஆளுயரத்துக்கு எழுதுவான். கண்ணை மட்டும் கடைசி வரை எழுதமாட்டான். அதுவரை படம் துணிக்குள்ளேயே நிற்கும்.

கண்ணுக்கென்று தனித் தூரிகை உண்டு. அதற்காகத்தான் வீட்டில் பூனைகள். பிடரி மயிரைப் பிடுங்கிக் காக்காய் இறகின் தண்டுக்குள் செருகி நூலால் கட்டுவான். கத்தரியால் வெட்டினால் நுனி மழுங்கிவிடுமாம், உயிரோடு இருக்கும்போதே பிடுங்க வேண்டுமாம். வீட்டுப் பூனைகள் எல்லாவற்றுக்கும் பிடரியில் காலணா அகலத்துக்குச் சொட்டை. பிடுங்கும்போது அவை போடும் சத்தத்துக்கும், ஆளிவிதை எண்ணெயும் பூனை மூத்திரமும் கலந்து சுவரிலேயே ஊறிப்போன நாற்றத்துக்கும் சொர்ணவல்லி பழகிப்போயிருந்தாள். மகள் ராசாத்திதான் பழகவில்லை. ஐந்து வயது. தேன் நிறக் கண்ணில் நீர் முட்ட, ஒவ்வொரு பூனையின் சொட்டைக்கும் தேங்காயெண்ணெய் தடவிவிடுவாள்.

அன்று பிற்பகல் அவனுக்குச் சோறு போடும்போது சொர்ணவல்லி மெதுவாக ஆரம்பித்தாள். "கரியன் பூனை கிணத்துல விழுந்துச்சு. சாம்பப் பூனை வண்டிச் சக்கரத்துல போய் மாட்டுச்சு. அதுகளுக்கும் கண்ணு தெரியாமத்தான் இருந்திருக்குமோ?"

"ரசம் ஊத்து."

"ஒவ்வொரு தடவையும் நீங்க படத்துக்குக் கண்ணு திறந்த மறுநாளு."

சொக்கு நிமிர்ந்து பார்த்தான். கோபம் இல்லை. சந்தைக்குப் போய் வந்த கதையைச் சொல்வது போலச் சொன்னான். "திறந்த கண்ணு மொதல்ல பாக்குறதுதான் அதுக்குத் தீனி. எங்கப்பன் சாமிக்குக் கண்ணு திறக்கையில எதிரே கண்ணாடி வைப்பாரு. சாமிக்கு அது போதும். மனுசப் படத்துக்கு வச்சுப் பாரு, கண்ணு செத்த மீன் கண்ணாட்டம் கிடக்கும். கண்ணாடி என்னத்தக் குடுக்கும்? ஒருநாளு கரியன் குறுக்க வந்து உக்காந்துருச்சு. அன்னைக்குத் திறந்த கண்ணப் பாத்து அந்த வீட்டுப் பொம்பளைக மயங்கி விழுந்தாக. அம்புட்டு உசுரு!"

"அப்ப வேணும்னேதான்..."

"கால் நாலையும் கட்டிப் பலகையில உக்கார வைக்கணும். நேரா பாக்கணும்ல. மோர் இருக்கா?"

அவள் மோரை ஊற்றினாள். பாதி இலைக்கு வெளியே சிந்தியது.

கண் தெரிந்த பூனைகளில் மிச்சம் புலியனும் ஒரு குட்டியும். உள்ளறையில் துணிக்குள் நின்றது தெய்வானை ஆச்சியின் மகன் படம். ரங்கூனில் காய்ச்சலில் போன பையன். மறுநாள் ஆச்சி வீட்டில் செத்தவர்களுக்குப் படைப்பு. அதற்குள் படம் போய்ச் சேர வேண்டும், இன்று விளக்கு வைப்பதற்குள் கண் திறந்தாக வேண்டும்.

சொக்கு கை கழுவிவிட்டுக் கட்டையைச் சாய்த்ததும், சொர்ணவல்லி இரண்டையும் சாக்கில் போட்டுக்கொண்டு தெருமுனைக்கு ஓடினாள். அறந்தாங்கிச் சந்தைக்கு வண்டி பூட்டிக்கொண்டிருந்த மூக்கன் சாக்கைத் தூக்கிப் பார்த்தான்.

"என்ன தாயி, கருவாட்டு மூட்டை கத்துது?"

"வெளையாடாதீக அண்ணே. எங்கிட்டாச்சும் தூரமா விட்டுருங்க. திரும்பி வரக்கூடாது."

"எங்க வண்டியில ஏறுன மாடே திரும்பி வராது. பூனையா வரப்போகுது?"

வண்டி திரும்பும் வரை நின்று பார்த்தாள். பூனை இல்லையென்றால் கண்ணாடிதானே? மீன் கண்ணாகவே இருக்கட்டும். அவளுக்கு நெஞ்சு லேசாயிற்று.

வெயில் தாழ்ந்ததும் சொக்கு எழுந்து தேடினான். பரண், அடுப்படி, கொல்லை.

"பூனைக எங்கடி?"

"தெரியலையே. எங்கிட்டாச்சும் போயிருக்கும்."

அவன் அவள் முந்தானையையே பார்த்தான். அதில் சாக்கு நார் ஒட்டியிருந்தது. அதைப் பொறுமையாக எடுத்து ஊதிவிட்டான்.

"சரி. நீ போயி ஆச்சியக் கூட்டிக்கிட்டு வா. அவுக வரயில கண்ணு திறந்திருக்கும்."

"கண்ணாடியக் கழட்டித் தரட்டா?"

"நான் பாத்துக்கிறேன். போ."

"ராசாத்தி தூங்குறா. எந்திரிச்சா..."

"எம்மகள எனக்குப் பாக்கத் தெரியாதா?"

ஆச்சி வீடு இரண்டு தெரு தள்ளி. ஆச்சி மல்லிகை மாலையைத் தாம்பாளத்தில் வைத்து, வேலையாட்கள் இருவரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். முழங்கால் வலி, மெதுவாகத்தான் நடந்தாள். மனசு நிறைந்திருந்ததால் பேச்சு நிற்கவில்லை.

"போட்டோவுல நிறம் தெரியாதுல்ல. அதான் சொக்குகிட்ட வெவரமாச் சொல்லிருக்கேன். எம்மகனுக்குத் தேன் நிறக் கண்ணு. ஒம்மகளுக்கு இருக்கே, அச்சு அசலா அதேதான்."

சொர்ணவல்லியின் கால் நின்றது.

"எதுக்கும்மா நிக்கிற?"

அவள் ஓடினாள். தெரு முழுக்கச் சாணிப் புகை. யார் வீட்டிலோ அம்மி அரைக்கும் சத்தம். எதிரே வந்த மாடு ஒதுங்கியது. சேலை காலில் சிக்கியது. விழுந்தாள். எழுந்தாள்.

வாசல் திறந்திருந்தது.

பாய் சுருண்டு கிடந்தது. ராசாத்தி அதில் இல்லை.

சுவரில் கண்ணாடி. ஆணியிலேயே தொங்கியது. ஆணிக்கும் சட்டத்துக்கும் நடுவில் சிலந்தி வலை. அறுபடாத வலை.

உள்ளறைக் கதவைத் தள்ளினாள்.

எண்ணெய் வாசனை. எரிகிற குத்துவிளக்கு. துணி விலகிய படம். பட்டுச் சட்டை, அரும்பு மீசை, ரங்கூன் பையன். முகம் முழுக்க வேறு யாருடையதோ. கண் மட்டும் அவளுக்குத் தெரிந்தது. பயந்தால் அகலுகிற கண். பூனைக்காக நீர் முட்டுகிற கண். அது அவளைப் பார்த்தது. அவள் இடது பக்கம் நகர்ந்தாள். அதுவும் நகர்ந்தது.

சொக்கு தூரிகையைத் துடைத்துக்கொண்டிருந்தான். "அசையவே இல்ல. பூனைன்னா கட்டணும். பெத்த புள்ளைன்னா சொன்னாக் கேக்குது" என்றான்.

அவள் ஓடியதைப் பார்த்துப் பதறி, ஆச்சியும் மூச்சு வாங்க வந்துவிட்டாள். தாம்பாளம் கைநழுவிக் கணீரென்று விழுந்தது. "ஐயா! என்னப் பெத்த ஐயா! பாக்குறானே! உசுரோட பாக்குறானே!"

"தூக்குங்கப்பா" என்றான் சொக்கு. "ஈரம் காயலை. முகத்தைப் பின்பக்கமா வச்சுத் தூக்குங்க."

வேலையாட்கள் தூக்கினார்கள். நிலையைத் தாண்டினார்கள், தெருவில் இறங்கினார்கள். ஆச்சியின் அழுகையும் சிரிப்பும் அவர்களோடு போயின. மங்கிய வெளிச்சத்தில் படம் தூரத் தூரப் போயிற்று. அந்தத் தேன் நிறக் கண் அவளை விடவில்லை. தூக்கிப் போகிறவர்களின் தலைக்கு மேலே, தாயைத் தொலைத்த பிள்ளை திருவிழாவில் தேடுவது போல, வாசலையே பார்த்துக்கொண்டு போயிற்று.

அவளுக்குப் பின்னால், உள்ளறைத் தரையில் ஏதோ உரசும் சத்தம்.

குத்துவிளக்குக்கு முன்னால், கதவு மறைவில், பலகை. அதன் பக்கத்தில் மண்டியிட்டு, ராசாத்தி தரையைத் தடவிக்கொண்டிருந்தாள். அப்பன் கொடுத்த பால் கிண்ணம் ஒரு சாண் தள்ளி இருந்தது. விரல்கள் அதற்குப் பக்கத்திலேயே போய்ப் போய்த் திரும்பின.

குழந்தை அவள் காலடிச் சத்தம் வந்த திசைக்கு முகத்தைத் தூக்கியது. விளக்கின் ஐந்து சுடரும் அந்த வெள்ளை ஏட்டில் விழுந்து அப்படியே நின்றன.

"ஆத்தா, இன்னும் வெளக்குப் பொருத்தலையா?"