கண்ண மூடிட்டு வாங்கு

கண்ணை மறைக்கிற வி.ஆர். ஹெட்செட்டை மாட்டியதும் முதல் வேலை எல்லை போடுவது. எதிலும் இடித்துக்கொள்ளாமல் விளையாட அறையில் எவ்வளவு இடம் இருக்கிறதென்று அதுவே அளந்து, தரையில் நீலக்கோடு காட்டும். கட்டில், மேஜை, கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் ஒழுங்காக ஒதுக்கிவிட்டு, நட்டநடுவில் ஒரு சின்ன வட்டத்தையும் சேர்த்து ஒதுக்கியிருந்தது. அங்கே ஒன்றுமே இல்லை, வெறும் டைல்ஸ்தான். ஒரு ஆள் நிற்கிற அளவு வட்டம்.

"சனியன், கோளாறு போல" என்று சூரியபிரகாஷ் அதைக் கழட்டி, துடைத்து, மறுபடி மாட்டினான். வட்டம் ஒரு எட்டு கிட்டே வந்திருந்தது.

கம்ப்யூட்டரில் ரேஸ் கார் ஓட்டுகிற கேமுக்கு இதெல்லாம் தேவையா, தண்டமா என்று மூன்று மாதம் மண்டையைக் குடைந்துகொண்டவன் அவன். கடைசியில் போடியில் கடை வைத்திருக்கும் முத்துராஜாவிடம் கேட்டான். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு, அவன் சொன்னால் இவனுக்கு மறுபேச்சே கிடையாது. "ஏலே, மானிட்டர்ல ஆடுறதெல்லாம் ஒரு ஆட்டமா? உள்ள போயிட்டா வெளிய வர மனசே வராது. கண்ண மூடிட்டு வாங்கு" என்று தன்னுடையதையே எடுத்து நீட்டினான் முத்துராஜா. காசுகூட வாங்கிக்கொள்ளவில்லை. அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டான் இந்த மடையன்.

பட்டப்பகல். வீட்டில் எல்லாரும் பெரியகுளத்துக் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். ஜன்னல் வழியே திராட்சைத் தோட்டத்துக்கு அடித்த மருந்தின் கந்தக நெடியும், கிணற்று மோட்டாரின் உறுமலும் வந்துகொண்டிருக்க, அதற்கெல்லாம் அடியில் நனைந்த சாக்கு மாதிரி இன்னொரு வாடை மூக்குக்கு நேர் கீழேயிருந்து மெல்ல ஏறியது. மோட்டார் நின்றது. வாடை நிற்கவில்லை.

இன்னொரு தடவை கழட்டி மாட்டினான். வட்டம் காலடியில் இருந்தது.

ஹெட்செட்டிலிருந்தே முத்துராஜாவின் போனுக்குக் கூப்பிட்டான்.

"டேய், தரையில ஒரு வட்டம் காட்டுதுடா."

"எத்தன எட்டு தள்ளி நிக்குது?"

நிக்குதா?

"கால்கிட்ட."

"ஐயோ... கழட்டி மாட்டுறப்பல்லாம் ஒரு எட்டு வைக்கும்டா. இனி என்ன ஆனாலும் கழட்டிராத. நான் ரெண்டு எட்டு இருக்கப்பவே ஒங்கிட்ட குடுத்துட்டேன்."

"தெரிஞ்சேவாடா என் தலையில கட்டுன?"

"வேற எவன்டா நான் சொன்னா நம்புவான்?"

லைன் அறுந்துபோனது. பாவி, பாவி! பயத்துக்கு முன்னால் அழுகைதான் வந்தது அவனுக்கு.

ஹெட்செட்டுக்கும் மூக்குக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கும். அதில் தரை தெரியும். பார்க்கக் கூடாதென்று நினைத்தான்.

பார்த்தான்.

தன் பாதங்கள் ரெண்டு. எதிரே, விரலோடு விரல் முட்ட, சேறு வடிகிற இன்னும் ரெண்டு.

கழட்ட மாட்டேன். கழட்டவே மாட்டேன். ரெண்டு கையிலும் கன்ட்ரோலரை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

பின்மண்டையில், பட்டையைத் தளர்த்துகிற திருகு தானாக மெல்லத் திரும்பியது.

டிக்.

டிக்.