ஏழாம் மாடி ஈரம்

ஏழாம் மாடித் தரை ஏற்கெனவே துடைத்து ஈரமாக இருந்தது. வாளியை வைத்துவிட்டு வேணி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பினாயில் நெடி, மாப்பு இழுத்த அரைவட்டத் தடம், தூணோரம் அவள் எப்போதும் விட்டுவிடுகிற ஒரு சாண் அழுக்கு என எல்லாமே அவள் கைவேலை மாதிரியே இருந்தன. எந்த மகராசியோ, நல்லா இருக்கட்டும். காலையிலிருந்து ஆறு மாடி துடைத்த இடுப்புக்கு, பயப்படக்கூடத் தெம்பில்லை.

திருச்சி கண்டோன்மெண்டில் அந்தக் கான்கிரீட் அலுவலகக் கோபுரத்தைத் தெரியாதவர் கிடையாது. அதன் பெரிய முற்றத்தில் சாயங்காலமானால் ஊரே வந்து உட்கார்ந்து சுண்டல் தின்னும். டியூஷன் விட்டு வரும் மகள் கனிஷ்காவும் அங்கேதான் காத்திருப்பாள். ஆறு வயது. இருவரும் ஆறரை லால்குடி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

வேலை முடித்து வெளியே போகிறவர்கள் தங்கள் டோக்கனைக் கீழே பலகையில் மாட்ட வேண்டும். ஆறு மணிக்கு மேல் மாட்டினால் சூப்பர்வைசரின் வாய்க்கு யார் பதில் சொல்வது? அதனால் முன்கூட்டியே மாட்டிவிட்டு மறுபடி மேலேறிக் கடைசி மாடியை முடிப்பது அங்குள்ள பெண்கள் எல்லாரும் செய்கிற கள்ளத்தனம்தான். வேணியும் இன்று அப்படித்தான் மாட்டிவிட்டு ஏறியிருந்தாள். வாட்ச்மேன் சவரிநாதனுக்கும் இது தெரியும். பூட்டுவதற்கு முன் படிக்கட்டில் நின்று ஒரு குரல் கொடுப்பார். தொடர் விடுமுறை; இன்று பூட்டினால் செவ்வாய்க்கிழமைதான் திறப்பார்கள்.

குரல் ஏறி வந்தது. “வேணி, மேல இருக்கியாம்மா?”

அவள் வாயைத் திறப்பதற்குள் கீழேயே பதில் கேட்டது.

“இறங்கிட்டேண்ணே. நீங்க பூட்டிக்கங்க.”

அவள் குரல். அதே கரகரப்பு. அதே அலுப்பு.

கத்தினாள். வெறும் காற்றுதான் வந்தது. ஷட்டர் இறங்கியது. விளக்கு அணைந்தது. படிக்கட்டுக் கதவு அசையவில்லை. சன்னலுக்கு ஓடினாள். திறக்க முடியாத கண்ணாடி. இரண்டு கையாலும் அறைந்தாள். என் பிள்ளை. ஐயோ, என் பிள்ளை.

கீழே இன்னும் வெயில் மிச்சமிருந்தது. கனிஷ்கா பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். வேணி கட்டியிருந்த அதே நீலச் சீருடைச் சேலையில் ஒருத்தி, இடுப்பில் கை வைத்தபடி நின்றிருந்தாள். குழந்தை அவள் விரலைப் பிடித்துக்கொண்டது.

வேணி மறுபடி அறைந்தாள்.

கனிஷ்கா நின்றாள். அண்ணாந்து, நேராக ஏழாம் மாடியைப் பார்த்தாள். அந்தப் பெண் குனிந்து, குழந்தையின் கண்களை உள்ளங்கையால் மெல்லப் பொத்தி, பொத்தியபடியே பஸ் ஸ்டாப் பக்கம் கூட்டிப்போனாள்.