மூன்று தட்டு

பீப்பாய்த் தண்ணீரில் தார் நாற்றம் அடித்தது.

நேற்றுவரை வெறும் மழைத்தண்ணீர்தான். செலஸ்தீன் குடுவையை மூக்கருகே கொண்டுபோனாள். தாரும் கருகிய பலகையும் உப்பும் கலந்த அந்த நாற்றம் தொண்டைவரை இறங்கி, பதினோரு வருடமாக அவள் அமுக்கி வைத்திருந்த இடத்தைத் தொட்டது. தண்ணீரை முற்றத்தில் கொட்டிவிட்டுப் பீப்பாயின் மூடியைச் சாத்தினாள். சாயங்கால வெயில் இன்னும் இருந்தது. செக்கடியில் மாடு சுற்றிக்கொண்டிருந்தது.

"என்னடி, தண்ணியை இப்படிக் கொட்டுறே? வானம் என்ன உன் மாமியார் வீடா, கேட்டப்பல்லாம் குடுக்க?" என்றாள் பக்கத்துக் குடிசை ரோசாலி. இருவரும் ஒரே அடிமைப் படகிலிருந்து மீட்கப்பட்டு மாஹே தீவில் இறக்கப்பட்டவர்கள். எங்கள் சனத்துக்கு அது இரத்த உறவுக்கு ஒரு படி மேல்.

"நாறுது சித்தி. நீங்க மோந்து பாருங்க."

ரோசாலி குடுவையை மோந்து உதட்டைப் பிதுக்கினாள். "ஒரு நாத்தமும் இல்ல. துறைமுகத்துல இன்னைக்குப் புகைக்கப்பல் வந்திருக்கு, புதுசா மீட்ட சனம் இறங்குது. அதான் உனக்கு இப்படி." குரலைத் தாழ்த்தி, அவளைப் பழைய பெயரில் கூப்பிட்டாள். "அடி நம்பேவே, அன்னைக்கு நாம எல்லாருந்தானே நம்பினோம்? நீ மட்டுமா?"

சொல்லிவிட்டு அவள் செக்கடிக்குப் போய்விட்டாள்.

ஆமாம், எல்லோரும்தான் நம்பினோம். எங்களைப் பிடித்துப்போன படகுக்காரர்கள் சொன்னார்கள்: புகை கக்கும் கப்பலில் வருகிற வெள்ளைக்காரன் மனுசனைச் சமைத்துத் தின்பான் என்று. அப்போது அவள் செலஸ்தீன் இல்லை, பதிமூன்று வயது நம்பேவே. தங்கை மலுவாவுக்கு ஐந்து. கடல் விளிம்பில் புகை தெரிந்ததும் தங்கையைத் தூக்கி, படகின் அடித்தளத்தில் கிடந்த காலித் தண்ணீர்ப் பீப்பாய்க்குள் இறக்கினாள். எங்களில் யாரும் கதவைத் தட்ட மாட்டோம். வாசலில் நின்று 'ஹோடி' என்று குரல் கொடுப்போம், அவ்வளவுதான். எவனாவது அதைக் கற்றுக்கொண்டு கூப்பிட்டால்? அதற்குத்தான் அவள் வேறு ஒன்று யோசித்தாள்.

"யாரு ஹோடி சொன்னாலும் மூச்சு விடாதே. நான் மூணு தட்டு தட்டுவேன். அப்பத்தான் வெளிய வரணும்."

"சரிக்கா."

வந்தவர்கள் தின்னவில்லை. விலங்கை வெட்டினார்கள், தூக்கிக் கொண்டுபோய்க் கப்பலில் உட்காரவைத்துக் கஞ்சி கொடுத்தார்கள். கஞ்சியைக் கண்ட பிறகுதான் அவளுக்குப் புத்தி வந்தது. படகைக் காட்டிக் கத்தினாள், தலையில் அடித்துக்கொண்டாள். அவள் பேச்சு ஒருவனுக்கும் புரியவில்லை. ஒரு மாலுமி அவள் முதுகைத் தட்டிக்கொடுத்துக் கையில் ரொட்டியை வைத்தான். பிடித்த படகு மறுபடி அடிமை ஏற்றக் கூடாதென்று தீ வைப்பது அவர்கள் வழக்கம். வைத்தார்கள். படகு எரிந்து முடிகிறவரை மேல்தளத்துக்கு யாரும் ஏறி வரவில்லை. அக்கா சொன்னால் கேட்கிற பிள்ளை. பாவி, அன்றைக்கு மட்டும் கேட்காமல் இருந்திருக்கக் கூடாதா!

விடுதலை என்றார்கள். புதுப்பெயர் வைத்துத் தோட்டத்தில் ஐந்து வருடம் வேலைக்கு விட்டார்கள். அன்றிலிருந்து அவள் எதையும் மூன்று முறை தட்டியதில்லை. சட்டி விளிம்பில் கரண்டியைத் தட்டினாலும் இரண்டோடு கை நின்றுவிடும்.

வெயில் இறங்கியது. செக்கின் சத்தம் ஓய்ந்தது. அப்போதுதான் அது கேட்டது: பீப்பாய்க்குள்ளிருந்து ஒரு மூச்சு, சத்தம் வரக் கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டு விடுகிற சின்ன மூச்சு.

மூடியில் கை வைத்தாள். சுட்டது.

"ஹோடி," என்றாள். குரல் வரவே இல்லை. இன்னொரு முறை சொன்னாள். உள்ளே மூச்சு நின்றது.

சொன்ன சொல் தவறாத பிள்ளை.

ஓடிவிடலாம். ரோசாலி வீடு இருபது அடி. ஆனால் ஓடினால் அந்தப் பிள்ளை இன்னும் எத்தனை வருடம் இருட்டில் உட்கார்ந்திருக்கும்? வெளியே வந்தால் எந்தக் கோலத்தில் வரும்? அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. விரலை மடக்கி மூடியில் தட்டினாள்.

ஒன்று.

இரண்டு.

கை நின்றது. எப்போதும் நிற்கிற இடம்.

"என் தங்கமே," என்றாள்.

மூன்று.

மூடி உள்ளிருந்து மெல்ல நகர்ந்தது. புகை. பிறகு இரண்டு கைகள், தூக்கிக்கொள்ளச் சொல்லி அவளை நோக்கி நீண்டன. கரிக்கட்டைகள். விரல்கள் இல்லை.

"அக்கா, நான் சத்தமே போடலைக்கா."

செலஸ்தீன் குனிந்து பிள்ளையைத் தூக்கி, எப்போதும்போல இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவள் மேல்துணி புகையத் தொடங்கியது.