திகதி போடாத அறிவித்தல்

நாங்கள் அகதியாய் வந்து குடியேறிய இந்தக் குளிர்நாட்டில், ஹவுகெட்டோ என்ற புறநகரில், ஞானரட்ணம் அண்ணையின் வீட்டுக்கு நான் போனபோது பின்னேரம் மூன்றரைதான். டிசம்பர் மாதம், வெளியே கும்மிருட்டு. அவர் செத்துப் பதினைந்து நாள். முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்கவேண்டும், அப்பாவின் எழுத்துகளையும் சேர்க்கவேண்டும் என்று மகள் வர்சா கேட்டிருந்தாள். கல்வெட்டு என்றால் செத்தவரின் புகழ் பாடும் புத்தகம். அதில் இதுவரை ஒரு கெட்டவனும் வந்ததில்லை.

எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் இயக்கத்துக்குத் துண்டுப்பிரசுரம் எழுதியவர் அவர். அதை ரோனியோ மெசினில் உருட்டிப் பிரதி எடுத்தவன் நான், இந்திரகுமார். மின்கம்பத்தில் கட்டிச் சுடப்பட்டவர்களின் கழுத்தில் தொங்கிய அறிவித்தல்களும் எங்கள் கைவேலைதான். பெயர், குற்றம், தண்டனை எல்லாம் முன்கூட்டியே எழுதிவிடுவார். திகதிக்கு மட்டும் இடம் விடுவார். சுடுகிற அன்றைக்கு அதை நிரப்புவார்.

அலமாரியின் அடித்தட்டில் பழைய சூட்கேஸ் இருந்தது. திறந்ததும் ரோனியோ மை மணத்தது. நாற்பது வருசத்து மை மணக்குமா?

மேலே ஒரு தாள். அண்ணையின் கையெழுத்து. தபால்காரர் கொன்ஸ்ரன்ரைன் காட்டிக்கொடுத்தவர் அல்லர், பிழையான ஆளைச் சுட்டுவிட்டோம் என்று எழுதியிருந்தார்.

சுட்ட கொஞ்ச நாளிலேயே அதை என்னிடம் அச்சடிக்கத் தந்தவர். தாள் முடிந்துவிட்டது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். கொன்ஸ்ரன்ரைனுக்கும் எங்களுக்கும் வேலிச் சண்டை. இயக்கத்துக்கு அவர் பெயரைக் கொடுத்தவனே நான்தான்.

கொன்ஸ்ரன்ரைனின் மனைவி அனஸ்ரேசியா இப்போது பக்கத்து நகரமான திராமனில் இருக்கிறா. போன கிழமை எனக்குப் போன் எடுத்தவ.

"தம்பி, ஒரு வரி போடுங்கோ. அந்த மனுசன் துரோகி இல்லையெண்டு. கண் மூட முதல் வாசிக்கவேணும்."

கல்வெட்டில் அரசியல் வேண்டாம் அக்கா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

பக்கத்து அறையில் ரோனியோ உருளைபோல ஏதோ உருண்டது.

கர்ர்ர்... டக்.

வர்சா குசினியில் நின்றாள். அந்த அறையில் யாருமில்லை.

கர்ர்ர்... டக்.

தாளைக் கிழித்தேன். நாலாக, எட்டாக. சத்தம் நின்றது.

"வேற ஏதும் கிடக்கே மாமா?" என்று வர்சா வாசலில் வந்து கேட்டாள். இல்லை என்றேன்.

முப்பத்தோராம் நாள் மண்டபத்தில் கல்வெட்டுக் கொடுத்தோம். அனஸ்ரேசியா ஊன்றுகோலோடு ரயிலேறி வந்திருந்தா. விரலை வைத்து ஒவ்வொரு பக்கமாகத் தேடினா. கடைசிவரை போய், திரும்ப முதலிலிருந்து தேடினா. பிறகு மூடினா. எனக்குப் பாவமாக இருக்கவில்லை. ஆறுதலாக இருந்தது, உள்ளதைச் சொல்கிறேன்.

அவ என் நெஞ்சைப் பார்த்தா.

"தம்பி, சேட்டிலை மை."

கழிவறைக்குப் போய்ப் பொத்தான்களைக் கழற்றினேன். நெஞ்சுத் தோலில் கறுப்பு எழுத்துகள், தாளை முகம் குப்புற ஒட்டி எடுத்ததுபோல. கண்ணாடியில் நேராகத் தெரிந்தன.

அறிவித்தல். இந்திரகுமார். துரோகி.

அண்ணையின் கையெழுத்து.

திகதிக்கு இடம் விட்டிருந்தது.

ஒரு மாதமாகத் தேய்க்கிறேன், போகவில்லை. தோலில் ஒன்றுமில்லை என்கிறார் டொக்டர். அனஸ்ரேசியா இன்னும் போன் எடுக்கிறா, அந்த ஒரு வரிதான் கேட்கிறா. நான் எடுப்பதில்லை. எழுதினால் யார் பெயரைக் கொடுத்தது என்று ஊர் கேட்கும்.

இன்று காலை கண்ணாடியில் பார்த்தேன். மை ஈரமாக இருந்தது. மாசி என்று மாதம் விழுந்திருக்கிறது.

இது மாசி மாதம்தான். நாளுக்கு மட்டும் இன்னும் இடம் இருக்கிறது.