வாணியின் தட்டுகள் மட்டும்

காலை 8.05. சுங்கை வே ஆய்வுக்கூடத்தில், செல்களை முப்பத்தேழு டிகிரியில் வளர்க்கும் இன்குபேட்டரைத் திறந்த குமுதா, யுகேந்திரனின் பன்னிரண்டு தட்டுகளையும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். நான்கு மாதமாக அவன் வளர்த்த தசைச் செல்கள் ஒன்று விடாமல் செத்து மிதந்தன.

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அரை நொடிதான் என்றாலும் வந்தது. பதினோரு வருடமாகக் கருவிகளைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். டாக்டர் ராதாகிருஷ்ணனோ போன வருடம் வந்த யுகேந்திரனைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

9.15. கிள்ளானிலிருந்து மெஷின் பார்க்க வந்த ஜுஹைர் தலையை ஆட்டினார்.

"மெஷின் ஓகே லா, அக்கா. யாரோ டைமர் வச்சிருக்காங்க. விடியக்காலம் மூணுலேருந்து அஞ்சு வரைக்கும் நாப்பத்தாறு டிகிரி."

"எப்ப வச்சாங்க?"

"அத மெஷின் சொல்லாது."

டாக்டர் முகம் சிவந்தார். "யுகேந்திரன், கடைசியா தொட்டது நீங்கதானே?"

"நேத்து ராத்திரி ஏழு மணிக்கு மூடினேன், டாக்டர். டைமர் பக்கமே போகல."

"கவனம் இல்லாத ஆளுக்கு எப்படி நிரந்தர வேலை குடுக்கிறது? பதினோரு மணிக்கு மீட்டிங்."

அந்த ஒரே வேலைக்கு இன்னொரு போட்டியாளர் வாணி. கண்ணைத் துடைத்தபடி நின்றாள். "என் தட்டும் அதே மெஷின்லதான் இருந்துச்சு. ஏதோ சாமி புண்ணியம், முக்கால்வாசி பொழச்சிருச்சு."

குமுதா வாணியின் தட்டுகளைக் கையில் எடுத்தாள். ஒரே குடுவையிலிருந்து யுகேந்திரனும் வாணியும் பிரித்துக்கொண்ட செல்கள். ஒரே தட்டு வகை, ஒரே அடுக்கு. தட்டுகளின் விளிம்பில் மட்டும் மெழுகு நாடாவின் துணுக்குகள் ஒட்டியிருந்தன.

"நேத்து இத வெளிய எடுத்தியா, வாணி?"

"இல்லக்கா. மூணு நாளா தொடவே இல்ல. அஞ்சு மணிக்கே பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுக்குக் கிளம்பிட்டேன்."

குமுதா தட்டுகளை மேசையில் வைத்தாள். வாயை மூடிக்கொண்டால் யுகேந்திரன் போய்விடுவான். கஷ்டமே இல்லாத காரியம்.

10.50. மீட்டிங் அறைக் கதவில் டாக்டரை மறித்தாள்.

"டாக்டர், யுகேந்திரன் தம்பி பண்ணல. வாணிதான்."

"அக்கா!" என்றாள் வாணி.

"இன்குபேட்டர்ல இருக்கிற தட்டுக்குக் காத்து வேணும். யாரும் நாடா சுத்த மாட்டோம். வெந்நீர்த் தொட்டியில வைக்கும்போதுதான் தண்ணி புகாம சுத்துவோம். தொடவே இல்லன்ன தட்டுல நாடா எப்படி வந்துச்சு?"

ஜுஹைர் விழித்தார். "வெந்நீர்ல எதுக்கு வைக்கணும், அக்கா?"

"பொழைக்க வைக்கத்தான். நாப்பத்தாறு டிகிரியில செல்லுக்குள்ள இருக்கிற புரதம் அவிச்ச முட்டை மாதிரி கெட்டியாயிடும், செல் செத்துரும். ஆனா முதல் நாளே நாப்பத்திரண்டுல ஒரு மணி நேரம் வச்சா, செல் பயந்துபோய் காவல் புரதங்களத் தயார் பண்ணிக்கும். அப்புறம் பெரிய சூடு வந்தா அதுங்க மத்த புரதத்தத் தாங்கிப் பிடிக்கும், கோணினத நிமிர்த்தும். ராத்திரி சூடு வரப்போகுதுன்னு தெரிஞ்ச ஆள்தான் தன் செல்ல முன்னாடியே பழக்கியிருக்க முடியும்."

டாக்டர் வாணியைப் பார்த்தார். எல்லாத் தட்டும் செத்திருந்தால் வாணி மேல் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. ஆனால் மீட்டிங்கில் காட்ட வாணிக்குத் தன் செல்கள் உயிரோடு வேண்டியிருந்தன.

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "எப்பப் பார்த்தாலும் யுகேந்திரன், யுகேந்திரன்தான். என் பேர ஒரு நாளாவது சொன்னீங்களா, டாக்டர்?"

பிறகு குமுதாவிடம் திரும்பினாள். "நாடாவ வச்சா என்னைய சந்தேகப்பட்டீங்க?"

"இல்ல. காலையில அவன் தட்டப் பார்த்ததும் எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. இந்த சந்தோஷம் இங்க இன்னும் ஒரே ஒரு ஆளுக்குத்தான் இருக்கும்னு அப்பவே தெரியும்."