வயிற்றில் மீந்தது

சிரிஞ்சை இழுத்தபோது வெள்ளைக் கரைசலுக்கு நடுவே ஆரஞ்சு நிறத்தில் ஒரு துணுக்கு வந்தது. கேரட்.

அக்காவால் விழுங்க முடியாது. மூன்று மாதமாக வயிற்றில் பொருத்திய குழாய் வழியாகப் பால் போன்ற சத்துக் கரைசல் மட்டும்தான். ஒவ்வொரு வேளையும், முன்பு கொடுத்தது செரித்ததா என்று சிரிஞ்சால் இழுத்துப் பார்க்க வேண்டும். “வர்றதைக் கொட்டிடாதீங்க. திருப்பி உள்ளயே விட்டுடுங்க, ஜீரண நீர் வீணாகக் கூடாது” என்று வீட்டுக்கு வரும் நர்ஸ் சொல்லியிருந்தாள்.

தங்கை அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மருந்தின் நெடிக்கும், போர்வையின் ஈர வாசத்துக்கும் அடியிலிருந்து, அரை மணி முன்பு சமையலறையில் நின்றபடியே அவள் தின்று முடித்த வேகவைத்த கேரட்டின் மணம் புளிப்பேறி மேலே வந்தது.

“உப்பே போடலையாடி?” என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமல். “உன் கைப்பக்குவம் என்னைக்குத்தான் சரியா இருந்திருக்கு.”

தங்கை வந்ததைத் திருப்பி உள்ளே விட்டாள்.

அடுத்த வாரங்களில் அக்காவின் கன்னம் பூரித்தது. தங்கைக்கு எவ்வளவு தின்றும் வயிறு நிறையவில்லை. வளையல்கள் முழங்கை வரை ஏறி இறங்கின.

“அக்கா தேறிட்டாங்க. நீங்கதான் துரும்பா இளைச்சுட்டீங்க” என்றாள் நர்ஸ்.

ஒரு நாள் தங்கை சாப்பிடாமல் இருந்து பார்த்தாள். அன்று ஊற்றிய கரைசல் எல்லாம் ஊற்றியபடியே, செரிக்காமல், வெள்ளையாகத் திரும்பி வந்தது.

“பசிக்குதுடி.”

“இப்பதானேக்கா குடுத்தேன்.”

“அது இல்ல. நீ சாப்பிடு.”

சாப்பிட்டால் இவள் கரைவாள். சாப்பிடாவிட்டால் அக்கா. சோற்றை வாய்வரை கொண்டுபோனாள். கை நின்றது. இரண்டாம் நாளும் நின்றது.

மூன்றாம் நாள் காலையில் அக்கா குளிர்ந்து கிடந்தாள்.

அடக்கம் முடிந்து எல்லோரும் கிளம்பியபின் பக்கத்து வீட்டு அத்தை தட்டை வைத்துவிட்டு, “ஒரு வாயாவது சாப்பிடும்மா” என்று சொல்லிப் போனாள். கேரட். பட்டாணி. தின்றாள். வயிற்றில் எதுவும் சேரவில்லை. இன்னொரு வாய். சேரவில்லை.

அக்காவின் அறையில் ஒரு சத்தம். பசியில் வயிறு இரையும் சத்தம்.

மென்றபடியே எட்டிப் பார்த்தாள். காலிக் கட்டில். சுருக்கமில்லாத விரிப்பு. கழுவி மேசையில் வைத்திருந்த சிரிஞ்ச், கட்டிலுக்கு மேலே, அக்காவின் வயிறு இருந்த உயரத்தில், நுனி கீழாக நின்றது. அதன் தண்டு மேலே ஏறியது. உள்ளே ஆரஞ்சு. பச்சை. நிரம்பியது.

பிறகு தண்டு கீழே இறங்கத் தொடங்கியது.

விரிப்பில் ஒரு சொட்டும் சிந்தவில்லை.