பின்பக்கத்திலிருந்து எடுத்த அச்சு

மரமூடியை உடைத்தது விபத்து அல்ல, அவன்தான். அக்கா ஓட்டிப்போன பழைய கார் ஒரு மரத்தில் மோதியபோதுகூட, டேஷ்போர்டில் சாமான் வைக்கிற பெட்டியின் மூடியில் தலைமயிர் கனத்துக்கு ஒரு கீறல்தான் விழுந்திருந்தது. அதை அலுங்காமல் கழற்றுகிறேன் பேர்வழி என்று ஸ்க்ரூடிரைவரைச் செருகி, முப்பது வருட அனுபவத்தின் மிடுக்கோடு ஒரு நெம்பு நெம்பினான். மூன்று துண்டு. ஷெட்டில் பார்க்க ஆள் இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

பழைய கார்களின் மரவேலையைச் சரிசெய்வது அவன் தொழில். எதையும் ஒட்டிப் பார்ப்பானே தவிர மாற்ற மாட்டான். அந்தப் பிடிவாதத்துக்குத் தெரு வைத்த பெயர் பசை. சட்டைப் பித்தானைக்கூட ஒட்டித்தான் போட்டுக்கொள்வான் என்று பேச்சு; ஒருமுறை அப்படிச் செய்ததும் உண்டு.

காரைக் கொண்டுவந்து விட்டவர் அக்காவின் புருஷன். அத்தானுக்கு ஒட்டுப்போட்டது எதுவும் ஆகாது. குடைக்கம்பி ஒன்று வளைந்தால் வேறு குடை வாங்குகிற ஆள்.

"புதுசு போடு. பழசை ஒட்டி ஒப்பேத்துற வேலையெல்லாம் என்கிட்ட வேண்டாம்."

"அப்பா வச்சிருந்த கார் அத்தான். நல்ல மரம். சரி பண்ணிடலாம். அக்கா எப்படி இருக்கா?"

"உன்கிட்ட காரைக் கொடுத்தேனா, உங்க அக்காவைக் கொடுத்தேனா? காரை மட்டும் பாரு. டிக்கிப் பக்கம் கையை வைக்காதே. பூட்டு சரியில்லை."

டிக்கிச் சாவியை மட்டும் கழற்றிச் சுண்டிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். விபத்து நடந்து நாற்பது நாள். அவனுக்கென்று மிச்சமிருந்த ஒரே சொந்தம் அக்கா. ஆஸ்பத்திரியில் அவளைப் பார்க்க விடவில்லை, வீட்டிலும் விடவில்லை. போன் செய்தால் "நல்லா இருக்கா" என்று ஒரு சொல், பிறகு துண்டிக்கிற சத்தம். அவள் நன்றாகத்தான் இருக்கிறாளா என்று ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது அவனுக்கு.

அந்த மூடியில் அவள் பல் இருந்தது. அவனுக்கு ஏழு வயது, அவளுக்குப் பத்து. முன்சீட்டை அவள் பிடித்துக்கொண்டாள் என்று பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளினான். மூடியின் மேல்விளிம்பில், கதவோரமாக, ஒரு பள்ளம் விழுந்தது. அக்காவின் இடது முன்பல்லில் ஒரு மூலை போயிற்று. அன்றிலிருந்து அவன் அவளுக்குக் 'கொலைகாரன்'. காரில் ஏறியதும் கட்டைவிரலை அந்தப் பள்ளத்தில் வைத்துத் தடவிக்கொண்டே, "என்னடா கொலைகாரா" என்றுதான் பேச்சைத் தொடங்குவாள்.

உடைந்த மூடி எந்தப் பசைக்கும் மசியவில்லை. கடைசியில், வாழ்க்கையில் முதல்முறையாக, அவன் மாற்று மூடி செய்தான். அதே நிறத்தில் மரம் தேடி, அறுத்து, உப்புத்தாள் போட்டு, பாலிஷ் ஏற்றி, பழைய துண்டுகளைச் சேர்த்துவைத்து அச்சு எடுத்து, அந்தப் பல் பள்ளத்தையும் உளியால் திருட்டுத்தனமாகச் செதுக்கினான்.

அந்த நாட்களில் கார் சத்தம் போட்டது. நண்பகலில் தகரக்கூரை கொதித்து, பாலிஷ் வாடையும் சூடேறிய ரப்பர் வாடையும் ஷெட்டுக்குள் கனமாகத் தேங்கி நிற்கிற நேரத்தில், பின்பக்கமிருந்து மெதுவாக வரும். டொக், டொக். கொஞ்சம் இடைவெளி. டொக். பழைய கார் வெயிலில் விரியும், நிழலில் சுருங்கும், முனகும், அவனுக்குத் தெரியாததா? குளியலறையில் அவன் நேரம் கடத்தினால் அக்கா இதே கணக்கில்தான் கதவைத் தட்டுவாள். ஞாபகம் வந்து சிரிப்பு வந்தது. "இரு அக்கா, வந்துட்டேன்" என்று உரக்கச் சொல்லிவிட்டு ரேடியோவைக் கூட்டிவைத்தான்.

நாலாம் நாள் சத்தம் நின்றது. வண்டி சூட்டுக்குப் பழகிவிட்டது என்று அவன் நிம்மதியானான். பின்சீட்டில் மட்டும் தலைவலித் தைல வாடை லேசாக இருந்தது. அக்கா பூசுகிற தைலம். அவள் கார்தானே, இருக்காதா?

பத்தாம் நாள் மூடியைப் பொருத்தியபோதுதான் தெரிந்தது. பள்ளம் கதவோரம் இல்லை. ஸ்டியரிங் பக்கம் இருந்தது. மரத்தின் வரிகளும் எதிர்த்திசையில் ஓடின. அச்சைப் பின்பக்கத்திலிருந்து எடுத்திருக்கிறான், இடது வலதாகிவிட்டது. வேலை பழக வருகிறவர்கள் முதல் வாரத்தில் செய்கிற தப்பு. தலையில் அடித்துக்கொண்டான். வேறு யாருக்கும் தெரியாது. அக்கா தொட்ட மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவாள்.

மறுநாள் மதியம் வந்தார்கள். அத்தானோடு அக்காவும்.

மின்சாரம் போய் ஃபேன் நின்றிருந்தது. பாதி இறக்கிய ஷட்டருக்கு அடியிலிருந்து வந்த வெளிச்சத்தில் அவள் செருப்பு, சேலைக்கரை, பிறகு முகம். முழுசாக இருந்தாள். ஒரு தழும்புகூட இல்லை. முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அவன் டிரைவர் சீட்டில் ஏறிக்கொண்டு திட்டுக்குக் காத்திருந்தான். மன்னிப்புக்கூடத் தயாராக வைத்திருந்தான்.

அவள் கை மூடியின் மேல் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை போயிற்று. பள்ளத்தின் மேல் ஏறி இறங்கியது. நிற்கவில்லை.

"நல்லா இருக்கு தம்பி."

தம்பி. அவள் அவனைத் தம்பி என்று கூப்பிட்டதே கிடையாது.

"அக்கா... அதுல ஒண்ணு தப்பா இருக்கு. கண்டுபிடி பார்ப்போம்."

அவள் வெகுநேரம் பார்த்தாள். இமைக்காமல்.

"ஒண்ணும் தப்பா இல்லையே."

சிரித்தாள். முன்பல்லில் மூலை போயிருந்தது. அவனுக்கு மூச்சு திரும்பி வந்தது. வந்த மூச்சு பாதியில் நின்றது.

வலது பல்.

நடுக்கண்ணாடியில் பார்த்தான். அதில் தெரிந்தவள் அக்கா. இடது பல், இடது வகிடு, எல்லாம் சரி. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தான். எல்லாம் மாறி.

பின்பக்கத்திலிருந்து எடுத்த அச்சு.

இறங்கினான். காரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். அத்தான் பின்னால் டிக்கியின் மேல் சாய்ந்து நின்றார்.

"அத்தான். எங்க அக்கா எங்கே?"

"உள்ளே உட்கார்ந்திருக்காளே. கண்ணு அவிஞ்சு போச்சா?"

"எங்க அக்கா எங்கே?"

"வேலையை முடிச்சியா, சாவியைக் கொடுத்தியான்னு இரு."

"அத்தான்!"

முன்சீட்டிலிருந்து குரல் வந்தது. அக்காவின் குரலேதான்.

"சரி பண்ண முடியுமான்னு பார்த்தாங்க தம்பி. ஒட்டலை. மாத்திட்டாங்க."

கழற்றிய பழைய பொருளைத் துணியில் சுற்றி உரிமைக்காரரிடம் திருப்பிக் கொடுப்பது தொழில் வழக்கம். அவன் வாய் அதைத்தான் கேட்டது, அவனைக் கேட்காமலே.

"பழசு?"

அத்தான் பையிலிருந்து டிக்கிச் சாவியை எடுத்தார். முதன்முறையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தார்.

"அன்னிக்கே கேட்டேனேடா, காரைக் கொடுத்தேனா அக்காவைக் கொடுத்தேனான்னு. ரெண்டையும்தான் கொடுத்தேன்."

டொக், டொக்.

இடைவெளி.

டிக்கிக் கதவின் விளிம்பில், கறுப்பு ரப்பரை மெல்ல விலக்கிக்கொண்டு, ஒரு கட்டைவிரல் வெளியே வந்தது. தகரத்தின் மேல் ஊர்ந்தது. தடவித் தடவி, ஒரு பள்ளத்தைத் தேடியது.